மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? – பாலைவனப் பயணக் கேள்வி பதில்

கேள்வி: மணலில் வண்டி ஓட்ட எதற்குக் கூட்டம்? தனியாகப் போனால் தூசியாவது குறையுமே?

பதில்: குறையும். இழுத்துவிட ஆளும் இருக்க மாட்டார். மணலில் புதைந்த இரண்டு டன் வண்டியை வெளியே எடுக்க இன்னொரு வண்டி வேண்டும். இழுக்கப் போன வண்டியும் பக்கத்திலேயே புதைவது வழக்கம் என்பதால் மூன்றாவது ஒன்றும் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் மணல் ஓட்டப் பழகியவர்கள் குறைந்தது மூன்று வண்டி என்று வைத்திருக்கும் கணக்கு இப்படி வந்ததுதான். இடமும் சிறியதல்ல: ரப் அல் காலி என்னும் வெற்றுப் பாலை ஏறத்தாழ ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர். ஐந்து தமிழ்நாடுகளை அதற்குள் வைக்கலாம். சவூதி, ஏமன், ஓமன், அமீரகம் ஆகிய நான்கிலும் படர்ந்து கிடக்கும் அந்தப் பாலையின் வட ஓரத்தில்தான் லீவா இருக்கிறது. வாரக் கடைசியில் துபாயிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் மணல் ஓட்டக் கிளம்புகிறவர்களின் பெருங்கனவு அந்த இடம். அங்கே தார்ச்சாலையை விட்டுச் சிறிது தூரம் உள்ளே போனாலே செல்பேசியில் சிக்னல் விட்டுப்போகும் இடங்கள் உண்டு. உதவிக்குக் கூப்பிடக் குரல் மட்டும் மிஞ்சும்.

கேள்வி: மணலில் வண்டி ஓட்டும் இந்த வித்தையெல்லாம் யார் கண்டுபிடித்தது?

பதில்: ஒட்டகத்தில் போனவர்களுக்கு இது தேவைப்படவில்லை. 1930–31இல் பெர்ட்ராம் தாமஸ் சலாலாவிலிருந்து தோஹா வரை ரப் அல் காலியைக் கடந்ததே பெதூயின் வழிகாட்டிகளை நம்பித்தான். மோட்டார் வண்டிக்கு இலக்கணம் எழுதியவர்களில் முதன்மையானவர் ரால்ஃப் பேக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1920களின் கடைசியிலும் 30களின் தொடக்கத்திலும் லிபியப் பாலைவனத்துக்குள் நண்பர்களோடு சாதாரண ஃபோர்டு கார்களை வரிசையாக ஓட்டிப் போனார். டயரில் காற்றை இறக்குவது, சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடு கொடுப்பது, ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் ஆவியைப் பிடித்து மறுபடி நீராக்குவது எல்லாம் அந்தப் பயணங்களில் தேறிய பழக்கங்கள். 1941இல் காற்றடிக்கும் மணலின் இயற்பியலைப் பற்றி அவர் எழுதி வெளியிட்ட நூலை, செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளை ஆராய்கிறவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவில் யூடியூப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை காலை கிளம்புகிறவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள் என்று சொல்லலாம்.

கேள்வி: குழுவுக்கு யாரைத் தலைவராகப் போடுவது? பெரிய வண்டி வைத்திருப்பவரையா?

பதில்: பெரிய வண்டி வைத்திருப்பவர் பெரும்பாலும் தன்னைத் தானே போட்டுக்கொள்வார். தடுப்பதுதான் சிரமம். தலைவருக்கு வேண்டிய தகுதிகள் இரண்டு: மணலைப் பார்த்ததும் அதன் போக்கு தெரிய வேண்டும், வரிசையிலேயே ஓட்டத் தடுமாறுகிற ஆளின் வேகத்துக்குத் தன் காலை அடக்கிக்கொள்ள வேண்டும். தன்னால் ஏற முடிகிற மேட்டைப் பார்த்து, 'ஐந்தாவது வண்டி இதில் ஏறாது' என்று சுற்றுவழி எடுப்பவர் தலைவர். தான் மட்டும் ஏறி உச்சியில் நின்று கீழே இருப்பவர்களைக் கூப்பிடுகிறவர் வேடிக்கை காட்டுபவர்.

அமீரகத்தின் ஓட்டுநர் குழுக்களில் இதற்காகவே படிநிலைகள் இருக்கின்றன. புதியவர் தாழ்ந்த மேடுகளில் தொடங்குவார். பல பயணங்களில் பின்னால் வந்து, பிறகு துணைக்கு ஓட்டி, அதன் பிறகுதான் குழுவை நடத்தும் 'மார்ஷல்' ஆகலாம். ஓட்டுநர் உரிமத்தை அரசு தருகிறது. மார்ஷல் பட்டத்தைத் தர வேண்டியவர்கள் கூட ஓட்டி, கூடவே மணல் தோண்டியவர்கள். இரண்டாவதில் சிபாரிசு செல்லாது.

கேள்வி: வரிசையில் யார் எங்கே?

பதில்: முதலில் 'லீட்', கடைசியில் 'ஸ்வீப்'. லீடுக்கு நேர் பின்னால், குழுவிலேயே அனுபவம் குறைந்தவர். முன் வண்டியின் தடத்தில் அப்படியே போனால் போதும் என்பதால் அவருக்கு அந்த இடம் எளிது. கண்ணாடியில் அவர் எப்போதும் தெரிவதால் தலைவருக்கும் நிம்மதி. 'புதியவர், பின்னால் மெதுவாக வரட்டும்' என்று அனுப்புவது பரிவுபோலத் தெரியும், ஆனால் அது தண்டனை. ஏழெட்டு வண்டிகள் உழுதுவிட்டுப் போன மணலில் ஏறுவது தேர்ந்த கைக்கே கடினம்.

ஸ்வீப் ஓட்டுபவர் லீடுக்குச் சமமான திறமைசாலியாக இருக்க வேண்டும். கயிறு, மண்வெட்டி, காற்றடிக்கும் கம்ப்ரஸர் எல்லாம் அவரிடம்தான். சிக்கியவர் ஒவ்வொருவருக்காகவும் இறங்கி, உழுத மணலில் கடைசி ஆளாக ஏறி, புகைப்படத்தில் எப்போதும் இல்லாதவர் அவர். வண்டிகள் பத்துக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிப்பது நல்லது. பதினைந்து வண்டிகளுக்கு ஒரு தலைவர் என்றால், நடுவில் நடப்பதை அவர் மறுநாள்தான் கேள்விப்படுவார்.

கேள்வி: எல்லோரும் முன்னால் போகிற வண்டியைப் பார்த்தே ஓட்டினால் போதுமா?

பதில்: போதாது. கான்வாய் என்னும் வண்டி வரிசையின் அடிப்படை விதி பின்புறக் கண்ணாடியில் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டுநரும் தனக்குப் பின்னால் வரும் ஒரே ஒரு வண்டிக்குப் பொறுப்பு. அது கண்ணாடியில் தெரியவில்லை என்றால் நிற்க வேண்டும். அவர் நிற்பதைப் பார்த்து முன்னால் இருப்பவர் நிற்பார், அவரைப் பார்த்து அவருக்கு முன்னவர். ரேடியோ கெட்டுப்போனாலும் செய்தி ஒரு நிமிடத்தில் தலைவரை எட்டிவிடும். செலவில்லாத ஏற்பாடு, ஆனாலும் முதலில் மீறப்படுவது இதுதான். முன்னால் போகிறவர் காணாமல் போய்விடுவாரோ என்ற பயம், பின்னால் வருபவரைப் பற்றிய கவலையை எளிதில் விழுங்கிவிடுகிறது. பாலைத்திணைக்கு உரிப்பொருள் பிரிவு என்று தொல்காப்பியம் படித்தவர்களுக்குத் தெரியும். கான்வாய் தலைவர் அந்த இலக்கணத்தோடுதான் நாள் முழுவதும் மல்லுக்கட்ட வேண்டும்.

கேள்வி: கிளம்புவதற்கு முன்னால் தலைவர் அரைமணி நேரம் பேசுகிறாரே, அவசியமா?

பதில்: அரைமணி அதிகம், பத்து நிமிடம் அவசியம். அன்றைய வரிசை, ரேடியோ சானல், முந்தக் கூடாது என்ற கட்டளை, சிக்கினால் என்ன செய்வது, யாருக்கு என்ன மருத்துவச் சிக்கல், எத்தனை மணிக்குத் திரும்புவது, இவ்வளவுதான் பொருள். பேச்சை விடப் பயனுள்ளது அதற்குப் பின் வண்டிவண்டியாகப் போய்ப் பார்ப்பது. முன்னும் பின்னும் இழுகொக்கி இருக்கிறதா, பெட்ரோல் நிறைந்திருக்கிறதா, எட்டடிக் கம்பத்தில் கொடி நிற்கிறதா, சீட் பெல்ட் எல்லா இருக்கையிலும் பூட்டுகிறதா என்று தலைவரே தொட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது. மணலில் எரிபொருள் சாலையில் ஆவதைப்போல இரண்டு மடங்கும் ஆகலாம். 'பாதி டேங்க் இருக்கு, போதும்' என்பவரை பெட்ரோல் பங்க்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

கேள்வி: நல்ல டயரில் இருக்கும் காற்றை எதற்குப் பிடுங்கி விடுகிறார்கள்?

பதில்: சாலையில் 35 பிஎஸ்ஐ அளவில் ஓடும் டயர், மணலில் 12 முதல் 15 வரை இறக்கப்படுகிறது. காற்றுக் குறைந்த டயர், ஊன்றும்போது விரிந்துகொடுக்கும் ஒட்டகத்தின் பாதம்போல நீளவாக்கில் படிகிறது. தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகி, அதே எடை அதிக மணலில் பகிர்ந்து இறங்குகிறது. சக்கரம் தோண்டுவதை விட்டு மிதக்கத் தொடங்கும். இதில் பேராசையும் ஆகாது. 10க்குக் கீழே போனால் கூர்மையான திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

'இறக்கிட்டேன்' என்று கையை ஆட்டுகிறவரின் டயரில் 22 இருப்பது சகஜம். தலைவர் தன் அளவுமானியால் எல்லா வண்டியையும் ஒரு முறை அளந்தால், பின்னால் நான்கு முறை மண்வெட்டி எடுப்பது மிச்சம்.

கேள்வி: எல்லா மேடும் ஒரேமாதிரிதானே இருக்கிறது? இதில் 'வாசிக்க' என்ன இருக்கிறது?

பதில்: வீசும் காற்றின் கையெழுத்து இருக்கிறது. காற்று வரும் பக்கத்தில் மேடு சாய்வாக, இறுகிய மணலோடு இருக்கும். மறுபக்கம் மணல் சரிந்து விழுகிற முகம். அங்கே சாய்வு ஏறத்தாழ 32 முதல் 34 பாகை. உலர்ந்த மணல் அதற்கு மேல் செங்குத்தாக நிற்காது. அமீரகத்தில் ஷமால் காற்று வடமேற்கிலிருந்து வீசுவதால் சரிவு முகங்கள் பெரும்பாலும் தெற்கும் தென்கிழக்கும் நோக்கி இருக்கின்றன. இதில் ஒரு வலை ஒளிந்திருக்கிறது. காற்றோடு தெற்கே போகும்போது இளஞ்சாய்வில் ஏறிச் செங்குத்தில் வழுக்கி இறங்கலாம், வண்டி ஜோராகப் போகும். திரும்பி வடக்கே வரும்போது அதே செங்குத்துகள் சுவர்களாக எதிரே நிற்கும். உள்ளே போக ஒரு மணி நேரம் ஆனது, எனவே திரும்பவும் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போடுகிற தலைவர், இருட்டில் கணக்கைத் திருத்த வேண்டி வரும். முன்பின் தெரியாத இடத்தில் இறங்குவதற்கு முன்னால், வெளியே வர வழி எங்கே என்று கேட்டுக்கொள்வதே மணல் வாசிப்பின் பெரும்பகுதி.

நேரமும் வாசிப்புக்கு உதவும். காலையிலும் மாலையிலும் நிழல் நீண்டு விழுவதால் பள்ளம் மேடு தெளிவாகத் தெரியும். உச்சிப்பொழுதில் நிழல் மறைந்து எல்லாம் தட்டையாகிவிடும். அப்போது ஆறடிப் பள்ளம் வண்டியின் மூக்கு அதில் இறங்கிய பிறகே தென்படும்.

கேள்வி: உச்சியைத் தாண்டும்போது வேகமாகப் போக வேண்டுமா, மெதுவாகவா?

பதில்: ஏறும்போது வேகம் வேண்டும், உச்சிக்குச் சற்று முன்னால் காலை எடுக்க வேண்டும். எடுக்காதவர் பறப்பார். பறப்பது அழகுதான், முதலில் தரையைத் தொடுவது மூக்கா சக்கரமா என்பதை அப்போது அவர் தீர்மானிக்க முடியாது. சீக்கிரம் எடுத்தவர் உச்சியில் வயிறு தட்டி, நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுழல உட்காருவார். அவமானம் மட்டுமே, ஆபத்தில்லை. இரண்டில் ஒன்று நடந்தே தீரும் என்றால் அவமானத்தைத் தேர்ந்தெடுப்பது மேல்.

குழுவில் இதற்கு ஒரு கூடுதல் விதி உண்டு. உச்சியில் ஒரே நேரத்தில் ஒரே வண்டி. முன்னால் போனவர் மேட்டைத் தாண்டி, கீழே இறங்கி, ஓரம் விலகி, 'கிளியர்' என்று ரேடியோவில் சொன்ன பிறகே அடுத்தவர் ஏறத் தொடங்க வேண்டும். அந்தப் பக்கம் ஒரு வண்டி புதைந்து நிற்கலாம், ஓட்டுநர் இறங்கி டயரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எட்டடிக் கொடி இதற்காகத்தான்: வண்டி தெரியாத இடத்தில் கொடியாவது தெரியும்.

ஏற முடியாமல் பாதியில் நின்றவர் சரிவிலேயே திருப்ப முயலக் கூடாது. ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே நேராக இறங்க வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் உயரமான வண்டி உருள்வதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. சறுக்கத் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்பி, மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுத்து இறங்கிவிட வேண்டும். கை தானாக மேட்டுப் பக்கமே திருப்பும். பயிற்சி என்பது அந்தக் கையைக் கேட்காமல் இருக்கப் பழகுவது.

கேள்வி: சிக்கிவிட்டால் உடனே கயிறு கட்டி இழுத்துவிடலாமே?

பதில்: கயிறு கடைசி வைத்தியம். முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் வர வேண்டும். 'இன்னும் ஒரு முறை' என்று அழுத்தும் ஒவ்வொரு முறையும் வண்டி ஒரு சாண் இறங்கும். பிறகு சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும், வயிற்றின் அடியிலும் மணலை வாரி எடுத்து, காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கி, வந்த தடத்திலேயே பின்வாங்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகள் இதிலேயே வெளியே வந்துவிடும். ஆனால் மண்வெட்டி பிடித்த காணொளியை யாரும் பார்ப்பதில்லை. கயிறு சீறுவதைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தச் சீற்றம்தான் அஞ்ச வேண்டியது. மீட்புக்குப் பயன்படும் நைலான் பட்டையும் கயிறும் இழுபடும்போது கால்பங்குக்கு நெருங்க நீண்டு, சேர்த்துவைத்த விசையோடு சுருங்குபவை. அதன் முனையில் இருக்கும் இரும்பு ஏதாவது கழன்றால் குண்டுபோலப் பாயும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையை மாட்டி, அது முறிந்து பறந்து கண்ணாடியைத் துளைத்து உயிர்கள் போயிருக்கின்றன. பல நாடுகளில் நடந்த விபத்து இது. வண்டியின் சட்டத்தோடு பொருத்திய, மீட்புக்கென்று தரமிட்ட கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். பட்டையின் நடுவில் கனத்த ஜமுக்காளமோ ஈரத்துண்டோ போட்டால் அறுந்தாலும் பாய்ச்சல் அடங்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் பட்டையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் போக வேண்டும். யார் மாட்டுவது, யார் சைகை கொடுப்பது என்பதில் ஒரே ஒரு குரல்தான் இருக்க வேண்டும். பத்துப் பேர் 'இழு, இழு' என்று கத்தும் மீட்பை அப்படியே நிறுத்திவைப்பது தலைவரின் வேலை.

கேள்வி: மணல்மேட்டை விட ஆபத்தான இடம் உண்டா?

பதில்: தட்டையாக, வெள்ளையாக, 'இங்கே என்ன பயம்' என்று தோன்றும் இடம். அதற்கு சப்கா என்று பெயர். மேலே உப்புப் பாளம், அடியில் ஈரச் சேறு. பாளம் உடைந்தால் வண்டி சட்டம் வரை இறங்கும். இழுக்க வரும் வண்டிக்கும் அதே கதிதான். ஏற்கெனவே ஓடிய தடம் இருந்தால் அதை விட்டு விலகாமல் போக வேண்டும். தடம் இல்லையென்றால் போக வேண்டாம்.

கேள்வி: குடும்பத்தோடு போகலாமா? புளிசாதம், பிரியாணியெல்லாம் எடுத்துப் போகலாமா?

பதில்: போகலாம், எடுத்தும் போகலாம், கட்டிவைத்தால். ஐஸ் பெட்டி, டிபன் கேரியர், தண்ணீர்க் கேன் எல்லாம் பட்டையால் இறுக்கப்பட வேண்டும். ஓர் உச்சியில் கூரையைத் தொட்டுவரும் இருபது கிலோ ஐஸ் பெட்டி யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. பிரியாணி முழுவதையும் ஓட்டத்துக்கு முன்பே முடித்துவிடுவது வேறு வகை ஆபத்து. வண்டியின் உள்புறத்தை அது பாதிக்கும். கர்ப்பிணிகளும், கழுத்து, முதுகு வலி உள்ளவர்களும், கைக்குழந்தைகளும் முகாமில் இருப்பதே சரி. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். ஒருநாள் பயணத்துக்கும் இரண்டு நாள் கணக்கில் ஏற்றுவது வழக்கம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் பருவம். கோடையில் வெயில் 45 பாகையைத் தாண்டும் நாட்களில் குழுவைக் கூட்டிப்போகும் தலைவரிடம் 'ஏன்' என்று கேட்க உடன்வருபவர்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: ஒரு வண்டி உண்மையிலேயே தொலைந்துவிட்டால்?

பதில்: தொலைந்தவர் செய்ய வேண்டியது ஒன்றே: நின்ற இடத்தில் நிற்பது. அவர் தேடிப்போக, தலைவர் தேடிவர, இருவரும் ஒரே மேட்டைச் சுற்றிச்சுற்றி வருவது நடந்திருக்கிறது. ஸ்வீப் முன்னேறாமல் நிற்க, தலைவர் எல்லோரையும் உயரமான ஓர் இடத்தில் நிறுத்தி, இன்னும் ஒரு வண்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டு தடத்திலேயே திரும்புவார். தேடுபவரும் தனியாகப் போவதில்லை. வண்டியை விட்டு நடக்கத் தொடங்குவது மிகப் பெரிய தவறு. மணலில் மனிதனைக் கண்டுபிடிப்பது கடினம். வண்டி நிழலும் தரும், வானிலிருந்தும் தெரியும். அமீரகத்தில் காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 998. அழைக்கும்போது 'பெரிய மேட்டுக்குப் பக்கத்தில்' என்பது முகவரி ஆகாது என்பதால், ஜிபிஎஸ் எண்களைப் படித்துச் சொல்லத் தெரிந்த இரண்டு பேராவது குழுவில் வேண்டும்.

கேள்வி: ஆளில்லாத பாலைவனம்தானே, எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாமே?

பதில்: ஆளில்லை, ஆனால் வேறு உயிர்கள் உண்டு. துபாய் பாலைவனப் பாதுகாப்பகம்போல வேலியிட்ட காப்பிடங்களில் சொந்த வண்டியோடு புகக் கூடாது. வேலிக்கு வெளியிலும் காஃப் மரங்கள் நிற்கின்றன. அமீரகத்தின் தேசிய மரமான இது நம் ஊர் வன்னிதான். பல சிவாலயங்களில் தலவிருட்சமாக நிற்கும் அதே மரம். கோயிலில் வலம்வருபவர்கள் இங்கே அதன் வேரின் மேல் வண்டி ஏற்றுவது பொருத்தமாக இல்லை. ஒட்டகப் பண்ணைகளைத் தூரத்தில் விலகிப் போக வேண்டும். மிரண்ட ஒட்டகத்துக்கு வலது இடது தெரியாது. காற்றில் விட்ட பிளாஸ்டிக் பைகளைத் தின்று ஒட்டகங்கள் இறப்பதைத் துபாய்க் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடைசி வண்டி கிளம்பும் முன் முகாமிட்ட இடத்தைச் சுற்றிப் பார்ப்பதும் ஸ்வீப்பின் வேலையில் சேர்கிறது. பாவம், அவருக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

கேள்வி: வாடகை வண்டியில் போகலாமா? இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளாதா?

பதில்: வாடகை ஒப்பந்தங்கள் பொதுவாகச் சாலையை விட்டு இறங்கத் தடை போடுகின்றன. சொந்த வண்டிக்கும், பாலிசியில் 'ஆஃப் ரோடு' சேர்ந்திருக்கிறதா என்பதைப் பயணத்துக்கு முன்பே படிப்பது நல்லது. உருண்ட பிறகு படித்தால் எழுத்து இன்னும் பொடியாகத் தெரியும்.

கேள்வி: தார்ச்சாலை வந்துவிட்டால் தலைவர் வேலை முடிந்ததா?

பதில்: இல்லை. 15 பிஎஸ்ஐ டயரோடு நெடுஞ்சாலையில் 120இல் பறந்தால், டயர் சூடேறி வெடிக்கும். மணலில் நாள் முழுவதும் தப்பித்தவர் வீட்டுக்குப் போகும் வழியில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். எல்லா வண்டியிலும் காற்று நிரப்பி முடியும் வரை ஒருவரையும் அனுப்பக் கூடாது. கம்ப்ரஸர் இல்லாதவர் பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை ஊர்ந்து போகலாம், கூட ஒருவர் வர. சக்கர நட்டுகளும் கீழே தொங்கும் பாகங்களும் பார்க்கப்பட வேண்டும். பிறகு தலைகளை எண்ண வேண்டும், காலையில் எழுதிய பட்டியலை வைத்து. நினைவை வைத்து எண்ணினால் தன்னை எண்ண மறந்துவிட்டு ஓர் ஆளைத் தேடத் தொடங்கிய தலைவர்களும் உண்டு.